உள்ளே கேட்பது சாமியா, என் பயமா? எப்படித் தெரிந்துகொள்வது?

உறையூர்க்காரி:

வணக்கம். இந்தப் பகுதியை ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இப்போதுதான்.

அப்பாவுக்கு 77 வயது. கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் போய்விட்டது என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. டாக்டர் நல்லவர், ஒளிக்காமல் பேசுகிறார். கீமோ கொடுத்தால் கொஞ்ச மாதம் கூடலாம், கூடாமலும் போகலாம், இந்த வயதில் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது, குடும்பமாகப் பேசி முடிவு சொல்லுங்கள் என்றார். குடும்பம் என்றால் நான்தான். அம்மா இல்லை. தம்பி துபாயில் இருந்துகொண்டு "சென்னைக்குக் கொண்டு போ, பணத்தைப் பற்றி யோசிக்காதே" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறான். பெரியப்பா மகன் "இந்த வயசுல எதுக்கு ஊசியைக் குத்திக் கொடுமைப்படுத்தறே" என்கிறார். இரண்டு பேரும் ராத்திரியில் அப்பா பக்கத்தில் உட்காருவதில்லை என்பது வேறு விஷயம்.

யாரிடம் அழுதாலும் கடைசியில் ஒரே பதில்தான்: "மனசைக் கேளு, உள்ளே இருக்கிறவ வழி காட்டுவா." நான் சின்ன வயதிலிருந்து சாமி கும்பிடுகிறவள். வெக்காளியம்மன் சன்னதியில் சீட்டு எழுதி சூலத்தில் கட்டிவிட்டு வந்தேன். பூ போட்டும் பார்த்தேன். வெள்ளை வந்தால் கீமோ வேண்டாம் என்று நினைத்துப் போட்டேன், வெள்ளை வந்தது. மனசு ஒப்பவில்லை, மறுபடி போட்டேன், சிவப்பு வந்தது. அம்மனையே பரீட்சை வைக்கிறேனோ என்று பயந்து நிறுத்திவிட்டேன்.

ராத்திரி அவர் முனகும்போது கண்ணை மூடினால் உள்ளே ஒரு குரல், "போக விடு, இன்னும் ஏன் இழுத்துப் பிடிக்கிறாய்" என்கிறது. காலையில் அவர் அரை இட்லி தின்றுவிட்டுத் தலையைத் தூக்கிப் பேப்பர் படிக்கும்போது அதே குரல், "அப்பனையே கைவிடப் பார்க்கிறாயே பாவி" என்கிறது. இதில் எது அம்மன், எது என் பயம், எது வெறும் தூக்கமின்மை?

கஷ்டகாலத்தில் உள்ளிருந்து வழி கிடைத்தது என்று இங்கே நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அது எப்படி இருக்கும், எதை வைத்து அடையாளம் கண்டீர்கள் என்று சொல்லுங்கள். "எல்லாம் நன்மைக்கே" என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

மௌனவிரதன்:

இந்தத் துன்பம் யாருக்கு என்று விசாரியுங்கள் அம்மா. உடம்புக்குத்தான் நோய், ஆத்மாவுக்கு இல்லை. பகவான் ரமணருக்கே கையில் புற்றுநோய் வந்தது, அவர் கலங்கினாரா? கேட்கிற "நான்" யார் என்று பார்த்தால் கேள்வியே கரைந்துவிடும்.

உறையூர்க்காரி:

ஐயா, கோபிக்காதீர்கள். துன்பம் யாருக்கு என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஹாலில் படுத்திருக்கிறார். அவருக்கு ஆத்மா விசாரணை சொல்லவா, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவா?

அருணை_வடக்குவீதி:

ஒத்தடம் கொடுங்கள் தங்கச்சி. ரமணரும் அதைத்தான் செய்திருப்பார். மௌனவிரதன் சொன்னதில் தகவல் பிழை ஒன்றும் இல்லை, பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

பகவானுடைய அம்மா அழகம்மாள் மகனைப் பார்க்க வந்த இடத்தில் 1914இல் கடும் காய்ச்சலில் விழுந்தார். அப்போது இவர் "காய்ச்சல் யாருக்கு" என்று அம்மாவைக் கேட்கவில்லை. அம்மாவின் ஜுரம் தணிய வேண்டும் என்று அருணாசலத்திடம் வேண்டிச் செய்யுள் எழுதினார். உலகத்துக்கே ஆத்ம விசாரம் சொல்லித் தந்தவர் தன் அம்மாவுக்காக மலையிடம் கை நீட்டியிருக்கிறார்! அப்புறம் 1922 மே 19, அம்மாவின் கடைசி நாள். காலையிலிருந்து ராத்திரி மூச்சு அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி இருந்தார். இன்றைக்கு ரமணாசிரமத்தில் மாத்ருபூதேஸ்வரர் சன்னதி இருப்பது அந்த அம்மாவின் சமாதிமேல்தான்.

சொந்தக் கையில் கட்டி வந்தபோதும் (1949, இடது முழங்கைக்கு மேலே) டாக்டர்கள் அறுத்தார்கள், மறுபடி மறுபடி அறுத்தார்கள், ரேடியம் வைத்தார்கள், மூலிகை வைத்தியரும் வந்தார். எதையும் அவர் விரட்டவில்லை. தனக்காக எதையும் கேட்கவும் இல்லை. "யாருக்கு" என்ற கேள்வியை அவர் தன் வலிமேல் வைத்துக்கொண்டார், அடுத்தவர் வலிமேல் எடுத்து வீசவில்லை. திருவண்ணாமலையில் பல வருஷமாக இருக்கிறேன், அந்த வித்தியாசம் தெரியாமல் பேசுகிறவர்களை தினம் பார்க்கிறேன்.

உங்கள் கேள்விக்கு என் பங்கு பதில் இதுதான்: பக்கத்தில் உட்கார்ந்து கை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த நேரத்தில் குரல் எதுவும் வரவில்லையென்றாலும் குறை ஒன்றும் இல்லை.

கெடிலக்கரை:

பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊர், அதனால் அப்பர் கதை இல்லாமல் என்னால் இதற்குப் பதில் எழுத முடியாது. எல்லாருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் சூலை நோய் வந்தது, பதிகம் பாடினார், நோய் போனது என்று மூன்று வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். உங்களுக்கு வேண்டியது நடுவில் இருக்கிறது.

முதலில் அப்பருடைய அக்கா திலகவதியார். நிச்சயித்த மாப்பிள்ளை கலிப்பகையார் போரில் போய்விட்டார், பெற்றோரும் இல்லை. உயிரை விடத் துணிந்தவர், தம்பி இருக்கிறானே என்று இருந்தார். நீங்கள் இப்போது அப்பாவுக்காக இருக்கிற மாதிரி. அவருக்குக் கனவில் சிவன் சொன்னதாகச் சேக்கிழார் எழுதுகிறார், உண்மைதான். ஆனால் அந்தக் கனவு "நீ இதைச் செய், அதைச் செய்யாதே" என்று சொல்லவில்லை. கவலையை விடு, உன் தம்பியை நான் ஆட்கொள்வேன், அவ்வளவுதான். முடிவெடுக்கும் பாரத்தை அக்கா தலையில் ஏற்றாத கனவு.

அடுத்தது தம்பி. வயிற்றுக்குள் குடலை முறுக்குகிற வலி. அவருக்கு உள்ளே எந்தக் குரலும் கேட்டதாகக் கதையில் இல்லை. தெரிந்த வைத்தியம், மந்திரம் எல்லாம் பலிக்காமல் போனபோது அவர் செய்தது, சமையல்காரரைக் கூப்பிட்டு அக்காவிடம் சொல்லி அனுப்பியதுதான். அவர் அப்போது சமண மடத்தில் இருந்ததால் அக்கா "அங்கே நான் வரமாட்டேன்" என்று பதில் அனுப்ப, ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகைக்கு நடந்து போய்க் காலில் விழுந்தார். அக்கா நீறு கொடுத்தார். விடியுமுன் கோயில் பெருக்க அலகும் மெழுகத் தோண்டியுமாகக் கிளம்பும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். வழக்கமான வேலை நேரம் அது. விசேஷ பூஜை எதுவும் இல்லை.

அங்கே போய் அவர் பாடிய முதல் பதிகத்தின் முதல் சொல்லே எமன்: "கூற்றாயினவாறு விலக்ககிலீர்." எமனாக வந்து நிற்கிற இந்த நோயை விலக்க மாட்டேன் என்கிறீரே என்று சண்டை. கடைசியில் "ஆற்றேன் அடியேன்", என்னால் தாங்க முடியவில்லை என்று அப்பட்டமாக ஒப்புக்கொள்கிறார். நம் வீடுகளில் இதைப் பாராயணம் செய்கிறார்கள், அது அலறல் என்பதே மறந்துபோய்.

பூ போட்டுப் பார்த்ததற்காக அம்மன் கோபிக்க மாட்டாள். ஆனால் நீங்கள் அவளிடம் விடையைக் கேட்கிறீர்கள். "ஆற்றேன்" என்று முதலில் சொல்லிப் பாருங்கள். கோயிலில் சொல்ல முடியாவிட்டால் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லுங்கள். அப்புறம், உங்களுக்குத் திலகவதி யார்? கூடப் பிறந்தவளாக இருக்க வேண்டியதில்லை. ராத்திரி ஓடினால் கதவைத் திறக்கிற ஒருத்தி.

பாளை_வாத்தியார்:

நான் கத்தோலிக்கன், ஓய்வுபெற்ற ஆசிரியர். நீங்கள் கேட்ட கேள்விக்கு எங்கள் பக்கம் ஐநூறு வருஷமாக ஒரு நடைமுறையே இருக்கிறது. "தெளிந்து தேர்தல்" என்று சொல்வோம். இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் தன் உடம்பில் பட்டுக் கற்றது.

1521இல் ஸ்பெயினில் பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை நொறுக்கியது. எலும்பு கோணலாகச் சேர்ந்து, அதை மறுபடி உடைத்துக் கட்டி, மாதக்கணக்கில் படுக்கை. வீரர் கதைப் புத்தகம் கேட்டார், வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும்தான். படுத்துக்கொண்டே பகல் கனவு காண்பார். ஒரு பெரிய இடத்துப் பெண்ணுக்காகச் சாகசம் செய்வதாக ஒரு கனவு, பிரான்சிஸ் அசிசியார் மாதிரி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போவதாக ஒரு கனவு. காணும்போது இரண்டுமே இனிப்பு. ஆனால் முதலாவது முடிந்ததும் வறண்டு போகும், இரண்டாவது முடிந்தபிறகும் நிறைவு தங்கியது. இதைக் கவனித்ததுதான் அவர் வாழ்க்கையையே திருப்பியது. குரல் எவ்வளவு சத்தமாக இருந்தது, எவ்வளவு பக்தியாகப் பேசியது என்று அவர் பார்க்கவில்லை. போனபிறகு உள்ளே எதை விட்டுவிட்டுப் போனது என்று பார்த்தார்.

உங்களுக்குக் கேட்கிற இரண்டு வாக்கியத்தையும் அப்படிப் பாருங்கள். "பாவி" என்று திட்டுகிற குரல் போனபிறகு உங்களிடம் என்ன மிஞ்சுகிறது? நடுக்கம் என்றால் அது சொல்கிற முடிவு சரியாகவே இருந்தாலும் அந்தக் குரல் ஆண்டவருடையது இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். கடவுளை நேசிக்கிற ஆளிடம் அவர் குரல் துளித்துளியாகப் பஞ்சில் இறங்குகிற தண்ணீர் மாதிரி மென்மையாக வரும், மற்றது கல்லில் விழுகிற தண்ணீர் மாதிரி சத்தம் போடும். இது அவருடைய உவமைதான், நான் சேர்த்ததில்லை.

இன்னொரு விதியும் உண்டு, உங்களுக்கு இதுதான் அவசரம். மனசு இருண்டு கிடக்கிற வேளையில் எந்த முடிவையும் மாற்றாதே. தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவு எதுவோ அதிலேயே நில். நீங்கள் ராத்திரி ஒரு முடிவு, காலையில் ஒரு முடிவு என்று அலைகிறீர்கள். ராத்திரி யோசிப்பதை ராத்திரியோடு விட்டுவிடுங்கள். முடிவை வயிற்றில் ஏதாவது இருக்கிற பகல் நேரத்தில், வெளிச்சத்தில், இன்னொரு ஆள் கூட இருக்கும்போது எடுங்கள்.

பிற்பாடு மன்ரேசா என்ற ஊரில் குற்ற உணர்ச்சி முற்றி, செத்துவிடலாம் என்கிற எண்ணம் இஞ்ஞாசியாரையே பிடித்து ஆட்டியிருக்கிறது. அது கடவுள் விருப்பம் இல்லை என்று அவர் தெளிவாக இருந்தார். உங்களுக்கும் எந்த ராத்திரியிலாவது அப்படி ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ், அரசு உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். இதை எழுதுவதற்காகத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாகூர்_லாத்தா:

பூ கேட்பது மாதிரியே எங்களில் நிறையப் பேர் இஸ்திகாராவை, அதாவது முடிவு தெரியாதபோது இறைவனிடம் நல்லதைக் கேட்டுத் தொழுவதை, நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுது துஆ (வேண்டுதல்) ஓதிப் படுத்தால் கனவில் பச்சை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு என்று. நபிகளார் இதைக் கற்றுத் தந்த ஹதீஸில் (நபிமொழியில்) கனவு என்ற பேச்சே இல்லை. குர்ஆன் அத்தியாயத்தைக் கற்றுத் தருவதுபோலவே எங்களுக்கு அதைக் கற்றுத் தந்தார்கள் என்று நபித்தோழர் ஜாபிர் அவர்கள் சொல்கிறார்கள், அவ்வளவு முக்கியமான துஆ. அதன் சாரம் என்ன தெரியுமா? உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இது எனக்கு நல்லது என்றால் இலேசாக்கிக் கொடு, கெட்டது என்றால் என்னை விட்டு அதைத் திருப்பு, அதை விட்டு என்னையும் திருப்பு. நல்லது எங்கிருந்தாலும் எனக்கு அமைத்துக் கொடு, பிறகு அதில் என் மனதைப் பொருந்த வை.

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் நான் இதை எழுதுகிறேன். முடிவு எடுத்தபிறகு அதோடு வாழ்கிற மனசையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறது. நீங்கள் கீமோ கொடுத்தாலும் "ஏன் கொடுத்தேன்" என்று ஒரு நாள் வரும், கொடுக்காவிட்டாலும் "ஏன் கொடுக்கவில்லை" என்று ஒரு நாள் வரும். அந்த நாளுக்கான துஆவையும் இப்போதே கேட்டு வையுங்கள் சகோதரி, உங்கள் அம்மனிடம் உங்கள் மொழியில்.

தொழுகையோடு மஷூராவும் சேர்த்துச் சொல்வார்கள் பெரியவர்கள், விஷயம் தெரிந்தவர்களிடம் கலந்து பேசுவது. அதை விட்டுவிட்டுக் கனவுக்குக் காத்திருப்பது சோம்பேறித்தனம் என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம், எங்கள் தெருவில் சொன்னால் அடிக்க வருவார்கள்.

அழுவதற்கும் வெட்கப்படாதீர்கள். யஃகூப் நபி மகன் யூசுஃபை நினைத்து அழுது அழுது கண்ணே வெளுத்துப் போனது என்று குர்ஆனில் இருக்கிறது. அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதும் அவரைத்தான்.

கறுப்பு_டீக்கடை:

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். ஆனாலும் ஒரு கேள்வி. அம்மனைக் கேட்டீர்கள், பூவைக் கேட்டீர்கள், துபாய்த் தம்பி, பெரியப்பா மகன், இங்கே முன்பின் தெரியாத எங்களையும் கேட்டுவிட்டீர்கள். அப்பாவைக் கேட்டீர்களா? பேப்பர் படிக்கிற அளவுக்கு அவருக்குத் தெளிவு இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒருவேளை அவரிடம் விஷயத்தையே சொல்லவில்லையா?

உறையூர்க்காரி:

எல்லாருக்கும் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

டீக்கடை அண்ணா, சொல்லவில்லை. "வயித்துல புண்ணு" என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். சொன்னால் உடைந்துவிடுவார் என்று தம்பி சத்தியம் வாங்கியிருந்தான். உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் எரிச்சல்தான் வந்தது. வாத்தியார் ஐயா சொன்னபடி ராத்திரி எதையும் முடிவு செய்யாமல், மறுநாள் காலை சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவையும் கூட உட்கார வைத்துக்கொண்டு அப்பாவிடம் பேசினேன். (கெடிலக்கரை கேட்ட "கதவைத் திறக்கிற ஒருத்தி" அவர்தான்.)

அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ரயில்வேயில் கணக்குப் பார்த்தவர், ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்த வார்த்தையை எழுதி வைத்துக்கொண்டு பேரனிடம் போனில் தேடச் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் தெரியாது என்று அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். கீமோவைப் பற்றிக் கேட்டதற்கு, "அதை அப்புறம் பார்க்கலாம், முதல்ல இந்த முதுகுவலிக்கு உருப்படியா ஒரு மாத்திரை வாங்கிக் கொடு, யோசிக்கவே விட மாட்டேங்குது" என்றார். நாங்கள் எல்லோரும் உயிரா மரணமா என்று புரண்டுகொண்டிருக்க, மனிதருக்கு முதுகுவலி.

இன்னும் முடிவு எதுவும் ஆகவில்லை. தம்பி என்னோடு பேசுவதில்லை. "பாவி" என்கிற குரல் நின்றுவிட்டது என்று சொன்னால் பொய், குறைந்திருக்கிறது. வலிக்கு என்ன வழி என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

வீட்டுக்கு_வரும்_செவிலி:

அக்கா, நான் நோய் ஆதரவு சிகிச்சையில், அதாவது வலியையும் தொந்தரவையும் குறைக்கிற சிகிச்சையில், வேலை செய்கிறேன், வீடு வீடாகப் போகிற வேலை. அப்பா சரியான இடத்தில் தொடங்கியிருக்கிறார். கணையத்தில் வருகிற கட்டி பின்பக்க நரம்புகளை அழுத்துவதால் முதுகில் வலி வரும், மல்லாக்கப் படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும். இதற்குக் கடை மாத்திரை போதாது. மார்பின் மாத்திரை தேவைப்படலாம். பயப்படாதீர்கள், புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொல்கிற அளவில் வாயால் சாப்பிடுகிற மார்பின் உலகமெங்கும் வழக்கத்தில் இருப்பது. அது அடிமையாக்கிவிடும், கடைசி நேரத்தில் மட்டும் கொடுப்பது என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மலச்சிக்கல் அநேகமாக வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேளுங்கள். மருந்தில் அடங்காவிட்டால் அந்த நரம்புக் கொத்தை மரக்க வைக்கிற ஊசியும் உண்டு.

அப்புறம், ஆதரவு சிகிச்சை என்றால் கைவிட்டுவிட்டோம் என்று அர்த்தம் இல்லை. கீமோ ஓடும்போதே கூடவே கொடுக்கலாம். கீமோவும் தொடங்கினால் முடிக்கத்தான் வேண்டும் என்று கிடையாது. கொஞ்சம் கொடுத்துப் பார்த்து ஸ்கேன் எடுத்து, உடம்பு தாங்கவில்லை என்றால் நிறுத்தலாம். டாக்டரிடம் அப்பாவையும் உட்கார வைத்துக்கொண்டு, "இது குணமாக்கவா, நாளைக் கூட்டவா, தொந்தரவைக் குறைக்கவா" என்று நேராகக் கேளுங்கள். கண் மஞ்சளாகிறதா, சாப்பிட்டது செரிக்காமல் எண்ணெயாகப் போகிறதா என்பதையும் சொல்லுங்கள், இரண்டுக்கும் வழி இருக்கிறது.

நீங்கள் தமிழ்நாட்டில் இருப்பதால் இன்னொன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிற ஆதரவு சிகிச்சையும் சேர்த்தி. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைக் கொடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஸ்கேன் ரிப்போர்ட் நகலும் அப்பாவின் ஆதாரும் கையில் இருக்கட்டும். அதுவரைக்கும் ராத்திரியில் முதுகுக்கு ஒரு தலையணையும் மடியில் ஒரு தலையணையும் வைத்துக் குனிந்த வாக்கில் சாய்த்து உட்கார வையுங்கள்.